டோல்கேட்டில் சிதறிய சில்லறை

"அமெரிக்காவுல டோல்கேட்டு வந்தா, சில்லறையைக் கூடையில வீசிட்டுப் போவணும். நம்ம அப்பா காரைவிட்டு இறங்கி, தரையில காசு பொறுக்கினாரு, கேட்டோ!"

கரமனையிலிருந்து பொன்முடிக்குப் போகும் வழியெல்லாம் தளவாய் தன் மாமனார் வீட்டாரைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தான். காரை ஓட்டியவர் அவன் அப்பா பிச்சையா. முப்பது வருஷம் டாக்சி ஓட்டியவர் அவர். அன்று அமெரிக்காவில் ஸ்டியரிங் பிடித்தவன் இவன்தான். பழகாத ரோட்டுக்குப் பயந்து, கை நடுங்கிக் காசைக் கீழே கொட்டியவனும் இவன்தான். பின்னால் ஹாரன்கள் அலற, மகன் மானம் போகக்கூடாதே என்றுதான் அவர் இறங்கிக் குனிந்தார்.

கல்லாற்றில், மலை வளைவுகள் தொடங்கும் இடத்தில், வண்டியை நிறுத்தி மகனிடம் சாவியை நீட்டினார்.

"இனி நீ ஓட்டுடே."

வாங்கிய கை அன்று போலவே நடுங்கியது. வாய் மட்டும் சிரித்தது.

"பாத்தேளா, அப்பாவுக்கு மலைன்னாலும் பயம்."