பதினொரு குதிரைகளும் இரண்டு பெஞ்சுகளும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. ஒரு சொகுசுக் குதிரைப்பண்ணை விடுதி தன் ஆண்டுமலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னது. தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: 'உள்ளூர் மக்களுக்கு நம் பங்களிப்பு.' என்ன பங்களிப்பு என்று கேட்டேன். "அதைத்தான் சார் நீங்க கண்டுபிடிக்கணும்" என்றார் மேனேஜர்.

மூன்று நாள் தங்கலாம், சாப்பாடு உண்டு என்றார்கள். சாப்பாடு உண்டு என்ற இடத்தில் கொள்கை பேசும் வழக்கம் எனக்கில்லை.

2

முதல் தொடக்கம்: 'விடியலின் பொன்னொளியில் பிடரி சிலிர்க்கும் குதிரைகள் —'

(வேண்டாம். இதை எழுதியது என் கைதானா என்று எனக்கே சந்தேகம்.)

இரண்டாவது: 'ஊருக்குள் நுழையும் இடத்தில் இரண்டு சிமெண்ட் பெஞ்சுகள் —'

பங்களிப்பு அவ்வளவுதான். இரண்டு பெஞ்ச், முதுகில் விடுதியின் பெயர். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்காகப் போட்டது. பஸ் நிற்பது அரை கிலோமீட்டர் தள்ளி. பெஞ்சுகள் இரண்டும் விடுதியின் வாசலைப் பார்த்தபடி இருக்கின்றன, உட்காருகிறவர் வேறெதையும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல.

"பயனடைஞ்ச ஒருத்தரை அனுப்பறேன், பேசுங்க" என்றார் மேனேஜர். நகரத்து ஓட்டலிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது அவருக்கு. குதிரை என்றால் பயம். லாயத்துப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. (இதை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.)

3

வந்தவள் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். 'களைத்த முகம்' என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் களைத்திருக்கவில்லை, எரிச்சலில் இருந்தாள். நூற்றிருபது விரிப்புகள் ஈரமாகக் கிடக்க, பெஞ்சைப் பற்றிப் பேச வா என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"பெஞ்ச் எப்படி இருக்கு?"

"கெட்டியா இருக்கு."

"உக்காந்து பாத்தீங்களா?"

"உக்கார நேரம் இருந்தா நான் ஏன் சார் இங்க வேலைக்கு வரேன்?"

என் நோட்டுப் புத்தகம் காலியாக இருந்ததைப் பார்த்தாள். பாவம் பிழைத்துப் போகட்டும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"பெஞ்சை விடுங்க. குதிரை டாக்டர் மட்டும் இல்லேன்னா எங்க வீட்டுக்காரர் கை போயிருக்கும்."

சொன்ன பிறகுதான், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது அவளுக்கு உறைத்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

4

அவள் சொன்னது இது. புதனும் சனியும் லாயத்துக்கு ஒரு குதிரை டாக்டர் வருகிறார். மனிதர்களுக்கான ஆஸ்பத்திரி மூன்று மணி நேரத் தொலைவில். பஸ் நாளுக்கு ஒன்று. போன வருஷம் இஸ்திரி இயந்திரத்தின் ஆவியில் இவள் முழங்கை வெந்துபோனது. லாயத்துக்குப் பின்பக்கம் போய் நின்றாள்.

"நான் குதிரைக்குப் படிச்சவம்மா" என்றார் டாக்டர்.

"குதிரைக்கும் தோல்தானே சார்" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் தொலைந்தார். அடுத்த புதன்கிழமை மூன்று பேர் நின்றார்கள். அவரும் ஒரு விதி வைத்துக்கொண்டார்: வெளிக்காயம் மட்டும், உள்ளே வலி என்றால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான்.

(இடையில் ஒன்று: செலவான மருந்தையெல்லாம் சிகிச்சைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேட்டில் குதிரைக்கு மட்டும்தான் இடம். ஆகவே வந்தவர்கள் எல்லோரும் குதிரையானார்கள். இவள் 'அடங்காத பழுப்பு'. பத்து நாளைக்கு முன் விடுதியின் முள்கம்பி வேலியை இழுத்துக் கட்டும்போது உள்ளங்கை கிழிந்த இவள் புருஷன், 'முரட்டுக் கறுப்பு, முன்னங்கால், இடது, ஒன்பது தையல்'. "கிழட்டுக் குதிரைன்னு எழுதலையே, அதுவரைக்கும் மரியாதைதான்" என்றானாம்.)

"இதை எழுதிடாதீங்க சார். எழுதினா டாக்டர் வேலை போயிடும், லைசென்சும் போயிடும். எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் வீக்கம் வடியலை. சனிக்கிழமை டாக்டர்தான் தையலைப் பிரிச்சுப் பாக்கணும். ரெண்டு விரல் இன்னும் மடங்கலை."

என் நிலைமையைப் பாருங்கள். விடுதி இந்த ஊருக்குச் செய்த ஒரே நல்ல காரியம் விடுதிக்கே தெரியாமல் நடக்கிறது. தெரிந்தால் நின்றுவிடும். எனக்குச் சோறு போடுவது அதைத் தெரியப்படுத்துவதற்காக.

5

மறுநாள் காலை மேனேஜர் என் அறைக்கு வந்தார். கையில் அந்தப் பதிவேடு.

"நல்ல புள்ளிவிவரம் ஒண்ணு கிடைச்சிருக்கு சார். ஒரே வருஷத்துல அம்பத்திரண்டு குதிரைக்குச் சிகிச்சை. இதையும் பங்களிப்புல சேர்த்துடுங்க. முதலாளி பூரிச்சுப் போயிடுவார்."

பண்ணையில் இருப்பது பதினொரு குதிரை. மேனேஜர் எண்ணிப் பார்த்ததில்லை. முதலாளி அப்படியல்ல, ஒவ்வொன்றையும் தானே பார்த்து வாங்கியவர். அச்சில் ஐம்பத்திரண்டைப் பார்த்தால் அன்றைக்கே லாயத்துக்கு வந்துவிடுவார். நான் ஏதாவது சொல்ல வேண்டும்.

என் அறை அலமாரியில் விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த சலவைக்கூடத்துக்காரி திரும்பாமலே சொன்னாள்: "அம்பத்திரண்டு சீக்குக் குதிரைன்னு போட்டா, விருந்தாளி யாரு சார் ஏறுவா?"

மேனேஜரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பதிவேட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "பெஞ்சைப் பத்தியே எழுதுங்க சார். கொஞ்சம் விரிவா."

(இரண்டாம் படியில் அந்த வரியை நானே சொன்னதாக எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது. அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.)

6

எழுதினேன். அந்த இரண்டு பெஞ்சுகளில் முதியவர்களை உட்காரவைத்தேன், காதலர்களை உட்காரவைத்தேன், வழிப்போக்கர்களின் களைப்பை ஆற்றினேன். இவ்வளவு மனசாரப் பொய் எழுதியதில்லை. ஒவ்வொரு வரியும் ஒரு தையல் என்று நினைத்துக்கொண்டு —

(இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். ஒன்பது தையலைப் போட்டவர் வேறொருவர்.)

சனிக்கிழமை தையல் பிரித்தார்கள். விரல்கள் மடங்கின. மலரைப் படித்த முதலாளி கண்கலங்கி, இன்னும் பத்து பெஞ்ச் போடச் சொன்னார். அவற்றை இறக்கி ஊன்றியவன் அவள் புருஷன்தான், இடது கையாலும் பிடித்து.

7

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன். ஒன்றில் முதலாளி குதிரைகளை எண்ணுகிறார். இன்னொன்றில் டாக்டர் பயந்து வராமல் நின்றுவிடுகிறார். மூன்றாவதில் விடுதி அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறது. இதை மேனேஜரே நம்பமாட்டார்.

பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். ஒன்பது புதிய பெஞ்சுகளைச் சாலையோரம் பார்த்தேன். பத்தாவது எங்கே என்று அவளிடம் கேட்டேன்.

"எதுக்கு சார் எண்ணிக்கிட்டு?" என்றாள்.

மலரில் வந்ததை எல்லோரும் நம்புகிறார்கள். கதையில் வருவதை யாரும் நம்புவதில்லை, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். என்றாவது ஒரு பண்ணையில், லாயத்துக்குப் பின்னால், வெறும் சுவரைப் பார்த்தபடி கிடக்கும் பெஞ்சை நீங்கள் பார்க்கலாம். துணி சுற்றிய கையோடு அதில் யாராவது உட்கார்ந்திருக்கலாம். அங்கே யார் இருந்தது என்று வெளியே உங்களைக் கேட்பார்கள்.

என்னைக் கேட்டார்கள். குதிரை என்றேன். இனி நீங்கள்.