துரையின் மெத்தை

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதுதான் தப்பாகப் போயிற்று. எண்பதைத் தொடப்போகிற அம்மா சட்டென்று சொன்னாள்: கொட்டகையில் கிடக்கிற வேனைக் கடற்கரையில் நிறுத்தி, அதற்குள் இருக்கிற அந்தப் பழைய கட்டிலில் ஒரு ராத்திரி படுக்க வேண்டும். அலைச் சத்தத்தோடு தூங்கி எழ வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் என்ன சொல்லியும் ஒற்றைக்காலில் நின்றாள்.

"கடல் காத்து உனக்கு ஆகாதும்மா," என்றாள் அக்கா. "அந்தக் காலத்துல இருமி இருமிப் பாதி உயிரா வந்தியே, மறந்துட்டியா? இப்ப அந்த இருமல் வந்தா உன் நெஞ்சு தாங்காது."

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். வார்டில் டாக்டர்களே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள் என்று கேள்வி. அவள் 'கூடாது' என்றால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி துரை மட்டும் அம்மா கட்சி. துரை என்பது அவனுடைய சொந்தப் பெயர் இல்லை, அப்பா வைத்தது. காலமான மனுஷரைக் குறை சொல்லக்கூடாதுதான், ஆனாலும் அப்பாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வீட்டில் யாராவது எங்காவது சறுக்கினால் போதும், அதையே பெயராக வைத்து ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுவிடுவார். முடிவெட்டுகிற கடையில் அசந்து தூங்கி மொட்டைத் தலையோடு எழுந்த மாமா, சாகிறவரை 'பளபளா'. கூட்டத்தில் தொலைந்துபோய் வீறிட்டு அழுத அக்கா, 'சங்கு'. தலைமை நர்ஸ் ஆன பிறகும் சங்குதான். அப்பா வைத்த பெயர் ஒட்டினால் ஒட்டினதுதான், சுரண்டினாலும் போகாது.

அந்த வீட்டிலேயே கௌரவமான பெயர் வாங்கியவன் தம்பி ஒருத்தன்தான். சின்ன வயதில் வேனிலேயே படுத்துத் தங்குகிற கடற்கரைப் பயணங்களில், காலையில் எல்லோரும் கசங்கிய துணியும் பரட்டைத் தலையுமாக எழுந்தால், அந்தப் பொடியன் மட்டும் துவைத்து மடித்த டவுசரில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பான். "துரை எழுந்தருளிட்டார், வழி விடுங்கப்பா!" என்று அப்பா சலாம் வைப்பார். இப்போது அவனுக்கு மீசை நரைத்துவிட்டது. லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியிலும் அவன் துரைதான். உள்ளூர அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பயணங்களை நினைத்தால் துரைக்கு இன்றைக்கும் நெஞ்சு இளகும். நான்கு பேரும் ஒரே மெத்தையில் நெருக்கியடித்துப் படுப்பார்கள். பிள்ளைகளுக்குச் சளி பிடித்துவிடும் என்று அம்மா ஜன்னலை ஒரு விரல்கூடத் திறக்க விடமாட்டாள். விடிந்து பார்த்தால் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்ததுபோல் வெள்ளையாக இருக்கும். அதில் அக்காவும் அவனும் விரலால் யானை வரைவார்கள், கப்பல் வரைவார்கள், அப்பாவின் தொப்பையை வரைவார்கள். வரைந்ததெல்லாம் வால் முளைத்து ஒழுகும். வெளியே ஸ்டவ்வில் டீ கொதிக்கிற வாசனை. அதைவிட நல்ல காலைகள் பிறகு அவன் வாழ்க்கையில் வரவே இல்லை, கல்யாணத்துக்குப் பிறகும்கூட. இதை அவன் மனைவியிடம் சொன்னதில்லை.

அந்த டீ வாசனையோடு அம்மாவின் இருமலும் இருந்தது. கதவோரம் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி இருமுவாள். வருஷத்துக்கு வருஷம் அது கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஒரு நாள் அப்பா ஸ்டீரிங்கைத் தட்டி, "போதும். கடல் காத்து இவளுக்கு ஒத்துக்கல," என்றார். அதோடு எல்லாம் முடிந்தது. வேன் கொட்டகைக்குள் போனது, கட்டில் மேல் பழைய பெட்டிகள் ஏறின. துரை வளர்ந்த பிறகும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவான். "உன் இருமல் எங்க கடலையே முழுங்கிடுச்சும்மா." அம்மா சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டில் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்கத் துரை கொட்டகையைத் திறந்தான். ஒன்றும் தேறாது என்று நிரூபிப்பதற்காக அக்காவும் கூடவே வந்தாள். பெட்டிகளை இறக்கிவிட்டு இருவரும் மெத்தையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

"ஐயோ!" என்று அக்கா மூக்கைப் பொத்தினாள்.

அடியில் இருந்த பிளைவுட் பலகையில், சுவரோரமாக ஒரு மூலை முழுக்கக் கருப்பாகப் பூசணம் பூத்துக் காய்ந்து கிடந்தது. மெத்தையின் அடிப்பக்கத்திலும் அதே இடத்தில் அதே கருப்பு. மற்ற இடங்களில் அங்கங்கே புள்ளிகள்தான். துரைக்குக் காரணம் புரிந்தது. ராத்திரி முழுக்க நான்கு பேர் விடுகிற மூச்சும் உடம்புச் சூடும் மெத்தை வழியாகக் கீழே இறங்கும், குளிர்ந்த பலகையில் பட்டதும் தண்ணீராகிவிடும். காற்று போக வழி இருந்தால் காயும். இங்கே பலகையில் ஓர் ஓட்டைகூட இல்லை. ஆனால் அந்த மூலையில் மட்டும் ஏன் இவ்வளவு?

உறையைத் தடவிப் பார்த்தான். உள்ளே ஏதோ மொடமொடவென்றது. கத்தியால் பிரித்தான். உறைக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஷீட், சுற்றிலும் தைத்து வைத்திருந்தது.

"தண்ணி வெளிய போக வழியே இல்லாம அடைச்சு வச்சிருக்கு. யாரு இந்த அதிமேதாவி? அப்பாவாத்தான் இருக்கும்," என்றாள் அக்கா.

துரையும் ஆமாம் போடத்தான் வாயெடுத்தான். அதற்குள் தையல் கண்ணில் பட்டது. கொஞ்சம் தைத்து ஒரு முடிச்சு, கொஞ்சம் தைத்து ஒரு முடிச்சு. அவனுடைய பள்ளிக்கூடப் பை முழுக்க இருந்த அதே முடிச்சுகள். அப்பாவுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. ஷீட்டின் அளவையும் அப்போதுதான் பார்த்தான். மெத்தை முழுவதற்கும் அது போடப்படவில்லை. சுவரோரம் ஒரு சின்னப் பையன் படுக்கிற அளவுக்கு மட்டும்.

அங்கே படுத்தது அவன்தான். பக்கத்தில் அம்மா.

எல்லாம் ஒரேயடியாக வந்து மோதியது. விடிவதற்கு முன் இருட்டில் தன்னைத் தூக்கி நிறுத்துகிற கை. காதோரம் ஒரு 'உஷ்'. ஈர டவுசர் போய் உலர்ந்த டவுசர் வருவது. அம்மா அந்த ஈர இடத்தில் துண்டைப் போட்டு, தான் நகர்ந்து அதில் படுத்துக்கொள்வது. அவன் அதையெல்லாம் சுத்தமாக மறந்திருந்தான். மறக்கிற அளவுக்கு அவள் அதை லேசாக்கி வைத்திருந்தாள்.

அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் விறுவிறுவென்று சமையலறைக்குப் போனான்.

"அம்மா, மெத்தையைத் தூக்கிட்டோம்."

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "எதுக்குடா தூக்கின?"

"ஷீட்டைப் பார்த்தேன்."

அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "சங்கு பார்த்தாளா?"

"பார்த்தா. அவளுக்குப் புரியல."

"அப்ப அதைச் சுருட்டித் தூரப் போடு. எனக்குக் கடலும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்தப் பேச்சை இத்தோட விடு."

"பூசணம்னு உனக்கு அப்பவே தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன? வினிகர் போட்டுத் தொடைச்சுத் தொடைச்சுப் பார்த்தேன். திரும்பத் திரும்ப வந்துச்சு. ஷீட்டை எடுத்தா மெத்தையில கறை ஆகும். உங்கப்பா கண்ணுல பட்டா என்ன பேர் வைப்பார்னு எனக்குத் தெரியாதா? பிள்ளை அந்தப் பேரோட பள்ளிக்கூடம் போகணும், வேலைக்குப் போகணும், பொண்ணு பார்க்கப் போகணும்." துணியை உதறிக் கொடியில் போட்டாள். "கடல் எங்க போயிடப் போகுது? அது பாட்டுக்கு அங்கேயே கிடக்கும்."

இத்தனை வருஷம் அவளைக் கிண்டல் பண்ணிய ஒவ்வொரு தடவையும் துரையின் கண்முன் வந்து நின்றது. வெட்கமாக இருந்தது.

அதற்குள் அக்கா உள்ளே வந்துவிட்டாள். "சொன்னேன் இல்ல? அந்த வேனை இரும்புக் கடைக்குப் போடு. அம்மா எங்கயும் வரல."

"வரலம்மா," என்றாள் அம்மா அவசரமாக. "நான் வரல."

துரை மூச்சை இழுத்துக்கொண்டான். அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். தலையை ஆட்டினாள். அவன் பார்க்காததுபோல் அக்கா பக்கம் திரும்பினான்.

"அது கடல் காத்து இல்லக்கா. நான் வேன்ல தினமும் படுக்கையை நனைப்பேன். அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு அம்மா ஷீட் வச்சுத் தைச்சுட்டா. அதுல பூசணம் பிடிச்சு, அதுக்குப் பக்கத்துலயே மூஞ்சியை வச்சுப் படுத்து அம்மா இருமினா. என்னாலதான்."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நரைத்த மீசையைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "துரையாம் துரை! அடப்பாவி, என்னைச் சங்கு சங்குன்னு எத்தனை வருஷம் ஓட்டின!" சிரிப்பு தேய்ந்ததும் கண்ணைத் துடைத்தாள். துடைத்த பிறகும் கண் நிறைந்துகொண்டே இருந்தது.

"காலையில மட்டும்தானே இருமுவ," என்றாள் அம்மாவிடம் மெதுவாக. "மணல்ல நாள் முழுக்க நடப்ப, ஒரு தும்மல் வராது. நான் இத்தனை பேருக்கு நர்ஸா இருந்து என்ன புண்ணியம்? இது தோணலையே."

அம்மாவுக்குக் கோபமான கோபம். "இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வச்சேன். ஒரு நிமிஷத்துல போட்டு உடைச்சிட்டான், பாரு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பழைய மெத்தையும் பலகையும் அன்றைக்கே குப்பைக்குப் போயின. துரை மெல்லிய மரச் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்து, காற்று ஓடும்படி புதுக் கட்டில் செய்தான். அதன்மேல் முரட்டு வலை விரித்து, அதற்கு மேல் புது மெத்தை. வேனின் சுவரையும் மெத்தை தொடாமல் தள்ளி வைத்தான். இத்தனை வருஷம் ஓடாமல் கிடந்த இஞ்சினை ஒரு மெக்கானிக் வந்து ஓட வைத்தார். அக்கா வினிகரும் பிரஷ்ஷுமாக ஒவ்வொரு இடுக்கையும் தேய்த்தாள். அவளுடைய நிபந்தனை ஒன்றுதான்: ஜன்னல் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். இந்த முறை அம்மா வாயே திறக்கவில்லை.

கடற்கரையில் பொழுது புலர்ந்தபோது துரை முன்சீட்டிலும் அக்கா அம்மாவின் பக்கத்திலுமாக விழித்துக் கிடந்தார்கள். இருமலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். வரவில்லை. ஜன்னல் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அம்மா அசையாமல் படுத்திருந்தாள். நேரம் ஆக ஆக, இருமல் வராததே இருவரையும் பயமுறுத்தியது. துரை பின்பக்கம் தாவி வந்தான். அக்கா அம்மாவின் மூக்கருகே விரலைக் கொண்டுபோனாள்.

அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"என்ன, போயிட்டேனான்னு பார்க்குறீங்களா? மறைக்காதீங்க. தள்ளுங்க ரெண்டு பேரும், கடல் தெரியல."