பாதி வளையம்

அப்பாவின் சவப்பெட்டியின் மேல் லியோனி வைத்த மன்ட்ரீஸ் காட்டுப்பழக் கொத்தை அவள் அண்ணன் டீன் எடுத்துப் பெஞ்சுக்கு அடியில் போட்டான். அந்த இடத்தில் செம்மறி ரோமத்தை விரித்தான். பாதிரியார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா ஆட்டுக்காரர். காட்டுச்செடி வளர்த்தவர் இல்ல" என்றான்.

லியோனி குனிந்து கொத்தை எடுத்தாள். ஒன்றிரண்டு பழங்கள் நசுங்கி ஆப்பிள் வாசம் அடித்தது.

அடக்கம் முடிந்து, தேவாலயக் கூடத்தில் சாண்ட்விச்சும் தேநீரும் சுற்றி வந்தன. அவளுடைய மணல் நிலத்தில் திங்கட்கிழமை ஆடு விடப்போவதாக டீன் யாரிடமோ சொன்னான். அவள் காதில் விழட்டும் என்றே சொன்னான். அங்கேதான் கம்பி இழுத்து அவள் மன்ட்ரீஸ் குறுஞ்செடிகளைப் படரவிட்டிருந்தாள். தென் ஆஸ்திரேலியாவின் கூரோங் கடலோர மணலுக்கே உரிய செடி. அப்பா வேலிக்கு வெளியே நின்று, இதைத் தின்ன எலிதான் வரும் என்பார். அந்த வேலியோரத்தில்தான் அவர் விழுந்து கிடந்ததை டீன் பார்த்தான்.

வேலியோர வரிசை கொஞ்ச நாளாகவே மஞ்சளாகிப் பட்டுக்கொண்டிருந்தது. டீன் களைக்கொல்லி அடிக்கிறான் என்று அவள் ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

வண்டியருகே அவனை மறித்தாள். "அந்த ஒரு வரிசையக் கொன்னது போதாதா உனக்கு?"

டீன் சாவியை உருட்டிக்கொண்டிருந்தான்.

"நான் தொட்டதே இல்ல. அது அப்பா. நீ சந்தைக்குப் போற நாளெல்லாம் வாளியில சூப்பர் பாஸ்பேட் எடுத்துட்டுப் போவார். செடியெல்லாம் பட்டினி கெடக்குது, இவளுக்குச் சோறு போடத் தெரியலைன்னு."

கோதுமைக்கும் புல்லுக்கும் அவர் ஆயுள் முழுக்க இறைத்த உரம். ஒன்றுமில்லாத மணலில் வாழப் பழகிய செடிக்கு அது விஷம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? எல்லார்கிட்டயும் நான்தான் கொன்னேன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச." வண்டியைக் கிளப்பினான். "திங்கட்கிழமை ஆடு வரும்."

லியோனி வீட்டுக்குப் போனதும் மணல் நிலத்தின் கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். பிறகு கறுப்பு உடையோடு, அப்பா விழுந்த நாளிலிருந்து எட்டிப் பார்க்காத வேலியோர வரிசைக்குப் போனாள். ஒவ்வொரு செடியைச் சுற்றியும் சாம்பல் நிறக் குருணை, தண்டில் படாமல், ஒரே சீரான வளையமாக இருந்தது. கடைசிச் செடிக்கு வளையம் பாதியில் நின்றிருந்தது. பக்கத்தில் வாளி கவிழ்ந்து கிடந்தது.

மண்டியிட்டு ஒவ்வொரு வளையமாகக் கையால் வழித்து வாளியில் போட்டுக்கொண்டே வந்தாள்.

அந்தப் பாதி வளையத்தை மட்டும் தொடவில்லை.