மூன்றாவது தடவை இறங்கிய கியர்பாக்ஸ்

மேட்டில் பாதி ஏறியதும் இன்ஜின் அலறியது. வண்டி மட்டும் நகரவில்லை. மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் கூடியது, தீய்ந்த வாடை மூக்கைத் துளைத்தது. கிளட்ச் மறுபடியும் வழுக்குகிறது. ஓட்டி வந்த குழாய் வேலைக்காரர் ஸ்டியரிங்கில் முட்டிக்கொள்ளாத குறை.

அது மாமனார் விட்டுப்போன பழங்காலத்து கார். மகனுக்கும் மருமகனுக்கும் பொதுவாக வைத்துவிட்டு மனிதர் கண்ணை மூடிவிட்டார். ஒரு வாரம் மச்சான் வீட்டில் நிற்கும், ஒரு வாரம் இவர் வீட்டில். ஓட்டுவதற்கு இரண்டு பேர். பழுது பார்ப்பது மட்டும் இவர் தலையில். அதற்குக் கிளட்ச் தட்டு கிடைப்பதே குதிரைக்கொம்பு. அப்படியும் இந்த வருஷம் இரண்டு தட்டு மாற்றியாகிவிட்டது.

பின்னோக்கி உருட்டி, ஆட்களை வைத்துத் தள்ளி, ஒருவழியாக வீட்டு ஷெட்டில் சேர்த்தார். காருக்கு அடியில் புகுந்தவர் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"இங்க வா! உங்க அண்ணன் பண்ணின வேலையைப் பாரு!"

மனைவி எட்டிப் பார்த்தாள். கிளட்ச் பெடலிலிருந்து வரும் கம்பியின் முனையில் ஒரு நட்டு. போன தடவை அதைச் சரியான இடத்தில் நிறுத்தி, அசைந்தால் தெரியட்டும் என்று அவளுடைய நகப்பூச்சால் கோடு போட்டிருந்தார். இப்போது கோடு ஒரு பக்கம், நட்டு ஒரு பக்கம்.

"பெடல் கொஞ்சம் சும்மா ஆடணும். அந்த ஆட்டமே இல்லாம முறுக்கினா கிளட்ச் எப்பவும் அரைகுறையாத்தான் பிடிக்கும். தட்டு தேயாம என்ன செய்யும்? ரெண்டு தட்டு, ரெண்டும் போச்சு!"

"கூப்பிட்டுக் கேளுங்க. என்கிட்ட ஏன் கத்துறீங்க?"

கூப்பிட்டார். மச்சான் சாவகாசமாக வந்து சேர்ந்தார்.

"நட்டைத் தொட்டீங்களா, மச்சான்?"

"லேசா. பெடல் லூஸா இருந்துச்சு, மாப்பிள்ளை."

"அது லூஸ் இல்லை! அப்படித்தான் இருக்கணும்! நான் குழாய்தான் மாட்டுறவன், ஒத்துக்கறேன். ஆனா இதுக்காக ரெண்டு தடவை முதுகு ஒடிஞ்சவன். ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

மச்சான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது காலை மடக்கிய வாக்கிலேயே மெதுவாக இறக்கினார். தங்கை கவனித்துவிட்டாள்.

"அண்ணா, கால்ல என்ன?"

"ஒண்ணுமில்லை."

"நீட்டு பார்ப்போம்."

நீட்ட முடியவில்லை. மாடிப்படியில் வழுக்கி விழுந்து மாதக்கணக்காகிறது. பெடலை அடி வரைக்கும் அழுத்த முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நட்டை முறுக்கினால் பாதி அழுத்தினாலே கியர் விழுந்தது. அதனால் முறுக்கிவிட்டார்.

"சொன்னா வண்டியைப் பிடுங்கிடுவீங்க. அப்பா கார்ல நான் சும்மா பக்கத்துல உட்கார்ந்து வரணுமா?"

குழாய் வேலைக்காரருக்கு இதற்கு மேல் திட்டவும் மனசு வரவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. நிம்மதியாகக் கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறாரே இந்த மனிதர்!

"நாளைக்கு டாக்டர். அவர் சரின்னு சொல்ற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது" என்றாள் தங்கை.

"அதுக்கப்புறமும் கால் எட்டலைன்னா பெடல் மேல மரக்கட்டை வெச்சு போல்ட் அடிச்சுத் தர்றேன்" என்றார் இவர், ஸ்பானரைத் தேடியபடி. "நட்டு பக்கம் மட்டும் வந்துடாதீங்க. டார்ச்சைப் பிடிங்க. என் கண்ணுல இல்லை, அங்க!"

தட்டை மாற்ற வேண்டுமே, கியர்பாக்ஸ் மூன்றாவது தடவையாகக் கழன்று இறங்கியது. அலைந்து திரிந்து வாங்கிய தட்டைப் போட்டு, நட்டை நிறுத்தி, அடுத்த வாரம் அதே மேட்டில் இவரே ஓட்டினார். வண்டி வழுக்காமல் ஏறியது, நாலாவது கியரில் இன்ஜின் மட்டும் லேசாகத் திணறியது. பக்கத்தில் மச்சான்.

"மூணாவது போடு, மாப்பிள்ளை. இன்ஜின் பாவம்."

இவர் பல்லைக் கடித்தார். ஆனால் மச்சான் சொன்னது சரிதான். மூன்றாவது கியரைப் போட்டார்.