ஓரகத்தி வளர்த்த கொசு

கிணத்துக்கடவுக்கு மேற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஒத்தப்பனைப்பாளையத்தில், கொரோனா அடங்கிய வருஷத்திலிருந்து ஊர்க் கொசு மொத்தமும் லோகப்பிரியா ஒருத்தியைத்தான் கடித்துவந்தது. சாயங்காலம் பொள்ளாச்சி பஸ் வந்து திரும்பும் நேரத்தில் வீட்டுக்கு வீடு கொசுக்கள் கிளம்பும். வீதியோடு போய், வழியில் யாரையும் தொந்தரவு செய்யாமல், அவள் வாசலில் நுழையும். கடித்த இடம் அவளுக்குத் தடிக்கவில்லை, அரிக்கவும் இல்லை. அவள் பாட்டுக்கு சீரியல் பார்த்துக்கொண்டிருப்பாள். மளிகைக் கடையில் கொசுவர்த்தி வாங்கி வைப்பதை நிறுத்தினார்கள். கொசுப்புழு பார்க்க வாராவாரம் வந்துகொண்டிருந்த பஞ்சாயத்துப் பணியாளர் பொற்கொடி, "இந்த ஊருக்கு நான் எதுக்குங்க?" என்று அடுத்த ஊரோடு திரும்பிக்கொண்டாள்.

இதில் வயிறெரிந்தது ஒரே ஒருத்திக்கு. அவள் சாமியாத்தாள், லோகப்பிரியாவின் ஓரகத்தி, அவள் புருஷனுக்கு மூத்தவரான பாலுசாமியின் மனைவி. தோப்பைப் பிரித்தபோது நல்ல காய்ப்பு அந்தப் பக்கம் போனதைப் பொறுத்தாள். இளையவளுக்குக் கூந்தல் நீளம் என்பதையும் பொறுத்தாள். ஆனால் மாரியம்மன் நோம்பிக்கு முதல் மாவிளக்குத் தட்டு எடுப்பது மூத்த மருமகளான அவள்தான். ஊருக்காகக் கடி வாங்குகிறவள் என்று ஊர் கூடிப் பேசி, இந்த வருஷம் அதை லோகப்பிரியா கையில் கொடுத்தது. சாமியாத்தாள் இரண்டாவது தட்டோடு பின்னால் நடந்தாள். பொறாமை பொல்லாதது, அன்றைக்குப் பொங்கச் சோறுகூட அவளுக்கு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாலுசாமியைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, என்ற ரத்தத்துல என்னங்க கொறை? ஒத்தக் கொசு கூட என்னையத் திரும்பிப் பாக்க மாட்டீங்குதே!"

"கொசு கடிக்கலைன்னு அழுகற மொத ஆளு நீதான் அம்மணி," என்றார் அவர்.

கடிக்காவிட்டால் என்ன, சொந்தமாக வளர்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினாள். மாட்டுச்சாளைக்குப் பின்னால் கொட்டாங்குச்சிகளை வரிசையாக வைத்தாள். நல்ல தண்ணீரில் பிறக்கிற கொசு நோஞ்சானாக இருக்கும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டு, நார் மில்லுக்குப் பின்னால் தேங்காய் மட்டை ஊறும் குழியிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினாள். குழியில் ஒரு பெருச்சாளி செத்து மிதந்தது. அதையும் சத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். கொசு முட்டையிட்டுப் பொரிந்த புழுக்களுக்கு நாட்டுச் சர்க்கரை கரைத்து ஊற்றினாள். அவள் குரல் கேட்டால் அவை மேலே வந்து தலையை ஆட்டின. சர்க்கரையோடு பெருச்சாளியின் கிருமியையும் தின்று, அதை வயிற்றில் வைத்துக்கொண்டே றெக்கை முளைத்தன. முளைத்ததும் வளர்த்தவளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சுவரைத் தாண்டி லோகப்பிரியாவிடம் போய்விட்டன. சாமியாத்தாள் நீட்டிய கை நீட்டியபடி நின்றாள்.

இந்த முறை கடித்த இடமெல்லாம் தடித்தது. லோகப்பிரியா சொறிந்தாள். சொறிந்த இடம் புண்ணாகி, கழுத்தில் நெறி கட்டி, காய்ச்சல் கொதித்தது. டெங்கு இல்லை, மலேரியாவும் இல்லை. டாக்டர் கதிர்வேல் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டுச் சொன்னார். "இது பாக்டீரியாங்க. கொசுவால இது வாரது ரொம்ப அபூர்வம். கெட்ட தண்ணியில புழு தின்ன கிருமி, றெக்கை மொளைச்ச பொறவும் உள்ள தங்கியிருக்கலாம். கடிச்ச எடத்தைச் சொறியறப்ப புண்ணு வழியா ஏறிக்கும்." கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் போனது, பின்னாலேயே கொசுக்களும் போயின. வலை கட்டினால் பாரம் தாங்காமல் கிழிந்தது. கொசு அவள் ரத்தத்திலிருந்து கிருமியை எடுத்து மறுபடி அவளுக்கே கொடுத்தது. வேறு ஆளைக் கடித்துப் பழக்கமில்லாத கொசுவாயிற்றே. மருந்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. கொசு விலகாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள்.

சாமியாத்தாள் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனாள். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் போனாள், அதை மறைப்பானேன். லோகப்பிரியா கண்ணைத் திறந்து, "அக்கா, அடுத்த நோம்பிக்கு மொதத் தட்டு நீங்களே எடுத்துக்கோங்க. உங்க மனசு சங்கடப்பட்டது எனக்குத் தெரியுமுங்க," என்றாள்.

சாமியாத்தாளுக்குச் சுரீர் என்றது. சாகக் கிடக்கிற நேரத்திலும் இவள்தான் நல்லவளா! அது அவளால் தாங்க முடியாத பொறாமையாக இருந்தது. நேராக டாக்டரிடம் போய் கொட்டாங்குச்சியையும் பெருச்சாளியையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பாலுசாமிக்குப் போன் போட்டு அத்தனையையும் உடைக்கச் சொன்னாள். பிறகு திரும்பி வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, கட்டிலில் ஏறி இளையவளைக் குழந்தையைப் போல அணைத்து மூடிக்கொண்டாள்.

"வளத்தவ நானு. நன்றி இருந்தா இங்க வாங்க," என்று கொசுக்களிடம் சொன்னாள்.

வந்தன. முதலில் ஒன்று, பிறகு கூட்டமாக. இத்தனை வருஷம் கழித்து அவளைக் கடித்த முதல் கொசுவை அடிக்காமல், அது குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். லோகப்பிரியாவுக்கு மருந்து பிடித்தது. சாமியாத்தாள் பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலோடு படுத்து, "ஏனுங்க சிஸ்டர், அவளுக்கு எத்தனை டிகிரி வந்துச்சு? எனக்கு ஏறிடுச்சுங்களா?" என்று கேட்டபடியே பிழைத்தாள்.

இப்போது ஊர்க் கொசு மாரியம்மன் கோயில் முக்கில் இரண்டாகப் பிரிகிறது. கிழக்கு வீதிக் கொசு சாமியாத்தாள் வீட்டுக்கு, மேற்கு வீதிக் கொசு லோகப்பிரியா வீட்டுக்கு. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் கொசுக்கள் போகும்வரை ஓரமாக நின்று வழிவிடுகிறார்கள். சாமியாத்தாள் மட்டும் தினமும் சுவரோரம் நின்று, அந்தப் பக்கம் போகிற கூட்டம் பெருசா என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள்.