நடுவழி ஓரத்து இடம்

போருக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக எங்கள் ஊர் சிலை வைக்கவில்லை. தேவாலயம் கட்டியது. சிலை வைத்தால் மழைக்குக்கூட ஒதுங்க முடியாது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். கல் சுமந்தது எல்லா வீடும். பெஞ்சு கொடுத்தது ஆளை இழந்த வீடுகள் மட்டும். ஒவ்வொரு பெஞ்சிலும் நடுவழி ஓரத்து இடம், அதாவது இரண்டு பக்கப் பெஞ்சு வரிசைக்கும் நடுவே நடந்துபோகிற வழியை ஒட்டிய இடம், செத்துப்போனவனுக்கு. அதில் யாரும் உட்காருவதில்லை.

அத்தனை பெஞ்சையும் செய்தவன் நான். ரம்பத்துக்கு இரண்டு விரலை முன்பே கொடுத்திருந்ததால் என்னைப் போருக்கு எடுக்கவில்லை. "விரலைக் கொடுத்து உயிரை வாங்கினவன்" என்று கடைத்தெருவில் இன்னும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

பிறகு அந்த வீடுகளில் ஒன்றின் விதவையைக் கல்யாணம் செய்துகொண்டேன். குறை ஒன்றுமில்லை. சண்டை போடுகிறோம், சிரிக்கிறோம், ஒரே போர்வைக்கு இழுபறி நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளும் அவள் மகளும் அந்த வீட்டுப் பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். நான் பின்னால் கதவோரம் நிற்பேன். வாங்க என்று அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவள் கூப்பிட வேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது.

இந்த மழைக்கு அந்தப் பெஞ்சில் கரையான் ஏறியது. சரியாக நடுவழி ஓரத்தில். கை வைத்தால் மாவாக உதிர்ந்தது. ஊருக்குப் புதிதாக வந்த போதகர் பெஞ்சோடு என் பட்டறைக்கே வந்தார்.

"அரிச்ச வரைக்கும் அறுத்துட்டு குட்டையாவே போட்டுடுங்க தச்சரே. ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு நீளம்?"

அறுத்தால் செத்தவன் இடம் போய்விடும். என்னை யாரும் குறை சொல்ல முடியாது. கரையானைத்தான் திட்டுவார்கள். பென்சிலால் கோடு போட்டேன்.

மதியம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி கோட்டைப் பார்த்தாள். பெஞ்சில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

"கோடு கிழிச்சாச்சு போல."

"போதகர் சொன்னாரு."

"அவரு சொன்னா கேக்கிற ஆளா நீங்க?"

"நீ என்ன சொல்ற?"

"மரம் உங்க வேலை. என்னைக் கேட்டா?" அவள் கை கோட்டைத் தாண்டி ஒருதரம் போய்த் திரும்பியது. "பொண்ணோட அப்பா எங்க உக்காந்தாலும் காலைப் பரப்பிட்டுத்தான் உக்காருவாரு. பாதி உக்காந்து பாதி தொங்கிக்கிட்டு இருப்பேன் நான்."

சிரித்தாள். என்னோடு சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. பாத்திரம் காலியாகும்வரைகூட இருக்காமல் போய்விட்டாள்.

கோட்டில்தான் அறுத்தேன். அரித்த மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய. பிறகு புது மரத்தை இணைத்தேன், இரண்டு ஆள் நீளத்துக்கு. அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவள் கூப்பிடாவிட்டால் மரம் தண்டம்.

சனிக்கிழமை கொண்டுபோய்ப் போட்டபோது போதகர் தலையில் கை வைத்தார்.

"நடுவழியப் பாதி அடைச்சிட்டீங்களே. கல்யாணப் பொண்ணு எப்படி நடந்து வருவா?"

"ஒல்லியான பொண்ணா பாக்கச் சொல்லுங்க."

ஞாயிறு காலை மனைவி பெஞ்சருகே வந்து நின்றாள். வெளுத்த புது மரத்தைப் பார்த்தாள். அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மகள் உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். மனைவி தன் பழைய இடத்தை விட்டுவிட்டு, இந்தப் பக்கம் தள்ளிப் புது மரத்தின்மேல் உட்கார்ந்தாள். அவளுக்கும் மகளுக்கும் நடுவே ஓர் இடம். நடுவழி ஓரத்தில் ஓர் இடம். திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பியவள் மகள்தான். பாதி தேவாலயத்துக்குக் கேட்டது.

"சித்தப்பா, கதவு தானா நிக்கும். அம்மா இடம் விட்டிருக்காங்க, வாங்க."

போய் இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்தேன். பெஞ்சு ஆடவில்லை. மனைவியின் தோள் என் தோளில் பட்டது, அவள் விலகவில்லை. ஆனால் பாட்டு முடியும்வரை அவள் முகம் நடுவழிப் பக்கமே இருந்தது, அவன் காலைப் பரப்ப இடம் போதுமா என்று பார்ப்பவளைப் போல.

போதும். கொஞ்சம் அகலமாகவே விட்டிருந்தேன்.