மாமிக்குப் போன கேசட்

எனக்கு மனப்பாடம் நன்றாக வரும். கீழக்கரைப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கிலீஷை அப்படித்தான் தாண்டினேன். அதனால் நர்சரி டீச்சர் டிப்ளமோவுக்கு விண்ணப்பம் போட்ட காலேஜிலிருந்து, முதலில் இங்கிலீஷ் தேர்வு எழுத வேண்டும், கொடுக்கும் தலைப்பில் மூன்று நிமிடம் பேசியும் காட்ட வேண்டும் என்று கடிதம் வந்தபோது நான் அசரவில்லை. நான்காம் நிலை கிடைத்தால் செப்டம்பரிலேயே டிப்ளமோ. அதற்குக் கீழே விழுந்தால் ஒரு வருடம் வெறும் இங்கிலீஷ். அந்த ஒரு வருடத்தில் என் கணவர் மனம் மாறிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். ரிபாய் மச்சான் தங்கமான மனிதர்தான், ஆனால் அவருடைய உம்மா ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் அத்தோடு எல்லாம் கலாஸ். ஆகவே தேறிய பிறகு ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தோம்.

அது தொண்ணூற்றாறாம் வருடம், ஜூன் மாதம். ஷார்ஜாவின் முவைலாவில் மச்சானின் கடைக்கு மேலேயே எங்கள் வீடு. எங்களுக்கு மேல் மாடியில் ராதிகா இருந்தாள். ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் கம்பெனியில் செக்ரட்டரி. தினமும் கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய் ஒரு மணி நேரம் வருவாள். நான் பேசுவதை கேசட்டில் பதிந்து கொடுத்தால் பஸ்ஸில் வாக்மேனில் கேட்டு, தப்புகளை எழுதித் தருவதாகச் சொன்னாள். கேசட்டுக்குப் பஞ்சமில்லை, கீழே கடையில் டஜன் கணக்கில் கிடந்தது.

முதல் கேசட்டில் மழைக்காலத்தில் ஒரு நாள் என்ற கட்டுரையைப் பள்ளிக்கூடத்தில் படித்தது படித்தபடி ஒப்பித்தேன். ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு தவளை கத்தியது, ஆறு பெருகியது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். ராதிகா ஒரே வரிதான் எழுதியிருந்தாள், மனப்பாடம் என்று. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. விடுவிடுவென்று மாடிக்குப் போனேன்.

“கோவிச்சுக்காத மர்ஜானா. உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆளைப் பத்திப் பேசு. நிஜமாப் பேசு” என்றாள்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஆள் யார்? மச்சானின் உம்மா, என் மாமிதான். அவரோடு ஊரில் நான்கு வருடம் ஒரே அடுப்படியில் நின்றிருக்கிறேன். மறுநாள் காலை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் ஏசியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க மாமியைப் பற்றி இங்கிலீஷில் பேசினேன். அஸ்மத் பீவி என்பது பெயர். கோபம் குக்கர் மாதிரி, இரண்டு விசில் அடித்து அடங்கிவிடும். என் சமையல் நன்றாக இருக்கிறது என்று இதுவரை ஒரு தடவை கூடச் சொன்னதில்லை, ஆனால் நான் ஆக்கும் அன்று மட்டும் இரண்டாம் முறை சோறு வாங்குவார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் காலேஜ் போவது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் வேண்டாம் என்பார், உடனே அவர் மகன் ஊமையாகிவிடுவார் என்றும் சேர்த்துக்கொண்டேன். இங்கிலீஷில் சொல்வதில் ஒரு சுகம் இருந்தது. யாரிடமும் மாட்டிக்கொள்ளாமல் உண்மையைச் சொல்கிற சுகம்.

மாதம் ஒரு தடவை ஊருக்கும் கேசட் அனுப்புவோம். போனில் பேசினால் காசு தீயாய்க் கரையும். கேசட் என்றால் பிள்ளைகள் ஓதுவது, நான் குறைப்படுவது, மச்சான் தொண்டையைச் செருமுவது எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு அடங்கும். யாராவது லீவில் போனால் கையில் கொடுத்துவிடுவோம். அந்த வியாழக்கிழமை கடை சேல்ஸ்மேன் சாகிர் தங்கை கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் போனார். அவர் பெட்டியில் மாமிக்குக் கேசட்டும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராதிகா இறங்கி வந்தாள். கையில் கேசட். இங்கிலீஷ் ஒரு வார்த்தை கூட இல்லை என்றாள். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டது, அடுத்த ஆள் வரும்போது நெத்திலிக் கருவாடு வேண்டும் என்றுதான் அரை மணி நேரமாக வருகிறதாம். கருவாட்டைக் கேட்டு பஸ்ஸிலேயே பசித்துவிட்டதாகச் சிரித்தாள்.

அப்படியானால் மாமிக்குப் போனது என் இங்கிலீஷ் கேசட். பெயரை டப்பா மேல்தான் எழுதியிருந்தேன், கேசட் மேல் எழுதவில்லை. பிள்ளைகள் எதை எடுத்து எதில் போட்டார்களோ.

மச்சானிடம் சொன்னேன். உம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே என்று முதலில் தைரியம் சொன்னார். பிறகு அவரே, தங்கச்சி பாஹிமா பிளஸ் டூ படிக்கிறாளே என்று தலையில் கைவைத்துக்கொண்டார். உம்மா என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுப் பரீட்சையை அடுத்த வருடம் எழுதலாம் என்றார். நான் பாத்திரத்தை ஓங்கி வைத்தேன். அந்தச் சத்தமே என் பதில்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் ஊருக்குப் போன் செய்தோம். மாமி பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். கேசட் வந்ததா என்று மச்சான் இழுத்தார். வந்தது என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார் மாமி. அந்த ஒரு வாரம் நான் படித்த படிப்பு எனக்கே தெரியும். புத்தகம் விரித்தபடி இருக்கும், கண் வாசலில் இருக்கும். இருந்தாலும் கேசட் பதிவதை விடவில்லை. பழத்தைப் பற்றி, வீட்டைப் பற்றி, பஸ்ஸைப் பற்றிப் பேசினேன், மனிதர் யாரையும் தொடவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் சாகிர் திரும்பி வந்தார். கருவாடு இருந்தது. நான் கருவாடு கேட்டிருந்த கேசட் மாமிக்குப் போகவே இல்லை, கேட்காமலே அவர் அனுப்பியிருக்கிறார் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. கூடவே ஒரு கேசட். மச்சான் அதைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மர்ஜானா. ஒன் கேசட்டப் போட்டா ஒரே இங்கிலீஷு. பாஹிமா வரி வரியா நிப்பாட்டிச் சொன்னா. நான் ரெண்டாந்தடவ சோறு வாங்குறது கறி நல்லா இருக்குன்னுதான். அத வாயால வேற சொல்லணுமா?”

டேப்பில் மாமி யாரிடமோ காற்றாடியைக் குறைக்கச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

“காலேஜுக்கு நான் வேணாம்னு சொல்லிருவேன்னு சொல்லிருக்கே. எங்கிட்ட யாரு கேட்டா? நீ கேட்டியா, ரிபாய் கேட்டானா? கேக்காமலே எனக்கும் சேத்து நீங்களே பதில் எழுதிட்டிய. இப்பவும் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பரீட்சைய ஒழுங்கா எழுது.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அது எனக்குப் பழக்கம். அன்று அது நிலைக்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் மாமியிடம் நான் எதையுமே கேட்டதில்லை, எல்லாவற்றுக்கும் அவர் என்ன சொல்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. உடனே போன் செய்து கேட்டிருக்கலாம். ஆனால் தோற்றுவிட்டால் எதற்கு அனுமதி கேட்பது என்று வைராக்கியமாக இருந்துவிட்டேன்.

எழுத்துத் தேர்வு பரவாயில்லை. பேச்சுத் தேர்வில், நீங்கள் செய்த ஒரு தவறு என்று தலைப்பு வந்தது. எனக்கு மனப்பாடம் எதுவும் தேவைப்படவில்லை. கேசட் கதையைச் சொன்னேன். மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்த பிறகும் தேர்வு வைத்த டீச்சரம்மா, மாமியார் என்ன சொன்னார் என்று கேட்டார். இன்னும் சொல்லவில்லை, நான் இன்னும் கேட்கவில்லை என்றேன்.

புதன்கிழமை முடிவு வந்தது. நான்காம் நிலை. மச்சான் ஃபாரத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். நான் பேனாவை வாங்கி மேசையில் வைத்துவிட்டு ஊருக்குப் போன் போட்டேன். மாமியே எடுத்தார். தேறிவிட்டேன் என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார், அதற்கு மேல் பேசவில்லை. காத்திருக்கிறார் என்று புரிந்தது.

“மாமி, நான் காலேஜ்ல சேரட்டுமா?”

“இங்கிலீஷ்ல கேளு. பாஹிமா பக்கத்துலதான் நிக்கிறா.”

பரீட்சையில் கூட இப்படித் தடுமாறவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, “மே ஐ ஜாயின் த காலேஜ்?” என்று கேட்டேன்.

பாஹிமா வாயைத் திறக்கும் முன்பே மாமியின் குரல் வந்தது. “எஸ்.”